வருகையும் இருப்பும்: புதுச்சேரிப் பழைய நகரை எழுதிய பனுவல்களில் வீராம்பட்டினத்தின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

புதுச்சேரியின் பழைய நகர்ப்பகுதி, தமிழில் மிகுதியாக எழுதப்பட்ட நகர வாழிடங்களுள் ஒன்று. ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு, பாரதியின் புதுச்சேரிக் காலக் கவிதைகள், பிரபஞ்சனின் வரலாற்று நாவல்கள் ஆகியவை அதன் வீதிகளையும் வீடுகளையும் வெவ்வேறு கோணங்களில் பதிவு செய்துள்ளன. இந்நகரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை அதன் வரலாற்றை யாரோ வந்து சேர்ந்த கணத்திலிருந்து தொடங்குகின்றன. இக்கட்டுரை அப்போக்கினை ‘வருகைக் கதையாடல்’ எனப் பெயரிட்டு, நகருக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த வீராம்பட்டினத்தை உரைகல்லாகக் கொண்டு அதனை மதிப்பிடுகிறது. வருகையை மட்டும் எண்ணும் எழுத்து, ஏற்கெனவே அங்கு இருந்தவர்களின் உழைப்பையும் காலத்தையும் நகரின் வரலாற்றுக்கு வெளியே நிறுத்துகிறது என்பதும், இன்றைய மரபுரிமைப் பாதுகாப்பிலும் அதே பார்வை தொடர்கிறது என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, வீராம்பட்டினம், அரிக்கமேடு, நாட்குறிப்பு, வருகைக் கதையாடல், வாழிடம், மரபுரிமை

1. முன்னுரை

ஒரு நகரத்தின் பழைய பகுதியில் வாழ்தல் என்பது காலத்தோடு கொள்ளும் உறவும் ஆகும். அங்குக் குடியிருப்பவர் தமக்கு முன் குடியிருந்தவர்களின் வீதியில் நடக்கிறார். அவர்கள் இட்ட பெயர்களால் முகவரி சொல்கிறார். அவ்வீதியின் தொன்மை எந்த ஆண்டிலிருந்து எண்ணப்படுகிறது என்பது, அங்கு வாழ்பவருள் யாருக்கு அந்நகர் உரியது என்னும் வினாவோடு பிணைந்தது.

புதுச்சேரியில் இவ்வினா கூர்மையானது. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்குக் குடியேற்றத்தை நிலைப்படுத்தியதே நகரின் தொடக்கமாகப் பொதுவில் கூறப்படுகிறது. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. இவ்விரு எல்லைகளுக்கு இடைப்பட்ட காலமே நகரின் ‘வரலாறு’ எனவும், அக்காலத்துக் கட்டடங்களே அதன் ‘மரபுரிமை’ எனவும் கொள்ளும் வழக்கம் ஊன்றிவிட்டது. ஆனால் நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் பகுதியை அடுத்து, வீராம்பட்டினம் என்னும் மீனவ ஊர் இருக்கிறது. அதை ஒட்டிய அரிக்கமேட்டில் கிடைத்த தடயங்கள் ஈராயிரம் ஆண்டுக் கடல் வணிகத்துக்குச் சான்றளிக்கின்றன. நகரின் பெயர் ‘புது’ச்சேரி, அதன் பழமையோ நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. இம்முரணை இலக்கியமும் பிற எழுத்துகளும் எவ்வாறு கையாண்டுள்ளன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. கட்டமிட்ட வீதிகள் யாருடையவை?

புதுச்சேரிப் பழைய நகரின் அடையாளமாகச் சொல்லப்படுவது ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும் அதன் வீதிகள். இவ்வமைப்பைப் பிரெஞ்சு நகரத் திட்டமிடலின் சாதனையாகக் கருதுவது வழக்கம். 1693 முதல் 1699 வரை நகரைக் கைக்கொண்டிருந்த டச்சுக்காரர்களின் வரைபடங்களை ஆராய்ந்த ழான் தெலோஷ், இக்கட்ட அமைப்பின் மூலம் டச்சுத் திட்டத்தில் இருப்பதை நிறுவினார். ‘பிரெஞ்சு நகரம்’ என்னும் தொடரின் முதற்கூறு இவ்வாறு தன் அடித்தளத்திலேயே திருத்தம் பெறுகிறது.

நகரத்தை இரண்டாகப் பிரித்த பெரிய வாய்க்காலின் கிழக்கே கடலை ஒட்டி ஐரோப்பியர் பகுதியும், மேற்கே தமிழர் பகுதியும் அமைந்தன. மேற்குப் பகுதியின் வீதிப் பெயர்களே அதன் குடியமைப்பைச் சொல்லும். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி, பெருமாள் கோயில் வீதி, வைசியாள் வீதி, மிஷன் வீதி, தெற்கே முல்லா வீதி எனக் கோயிலும் குலமும் சமயமும் முகவரிகளாயின. வீட்டின் முகமும் வேறுபட்டது. ஐரோப்பியர் வீடு உயர்ந்த மதிலுக்கும் வாயிற்கதவுக்கும் பின்னால் தோட்டத்தோடு ஒதுங்கி நின்றது; தமிழர் வீடு தாழ்வாரத்தையும் திண்ணையையும் வீதிக்கு ஈந்து நின்றது. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கத் தாழ்வாரம், அமர்ந்து பேசத் திண்ணை, அதற்கப்பால் முற்றம் என வீதியிலிருந்து வீட்டுக்குப் படிப்படியாகச் செல்லும் ஒழுங்கு அது. இரு மரபுகளும் கலந்த வீடுகளும் எழுந்தன. கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் மரபிலும் மேல்தளம் சுதைத்தூண்களோடு பிரெஞ்சு மரபிலும் அமைந்த ஆனந்தரங்கப்பிள்ளையின் மாளிகை அதற்குச் சான்று.

இங்கு ஒரு காலக்குறிப்பு இன்றியமையாதது. 1761 ஜனவரியில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின் கோட்டையும் நகரும் பெரும்பாலும் இடித்துத் தகர்க்கப்பட்டன. 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பிய பின்னரே நகர் மீண்டும் கட்டப்பட்டது. எனவே இன்று காணும் கட்டடங்களில் மிகப்பெரும்பாலானவை நாட்குறிப்பின் காலத்துக்குப் பிற்பட்டவை. வீடுகள் அழிந்தன, வீதிகள் நிலைத்தன. பழைய நகரின் தொன்மையைக் கட்டடத்தைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது என்பதற்கு இதுவே முதற்சான்று.

3. நாட்குறிப்பு: துறைமுகமற்ற துறைமுக நகரம்

ஆனந்தரங்கப்பிள்ளை 1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்து, இளமையிலேயே புதுச்சேரிக்கு வந்தவர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, 1846இல் கண்டறியப்பட்டது. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழ் உரைநடை வரலாற்றிலும் நகர எழுத்திலும் அதன் இடம் தனியானது.

நாட்குறிப்பின் இயக்கத்தைத் தருவது வருகை. எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, யார் யாரைக் காண வந்தார், எந்தக் கடிதம் வந்தது என்பவற்றை நாளும் நாழிகையும் சுட்டி அது பதிகிறது. துபாஷ் என்பவர் வருகைகளுக்கு இடையில் நின்று பொருள் சொல்பவர். ஆதலின் நாட்குறிப்பின் வடிவம் அவருடைய தொழிலின் வடிவமே எனலாம். வருகைகளைப் பதியும் இந்நூல் அவற்றால் இங்கு இருந்தவர்க்கு நேர்ந்ததையும் மறைக்கவில்லை என்பது அதன் பெருமை. 1748இல் ஆங்கிலேயரின் முற்றுகைக் காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தி, இன்று சம்பாக் கோயில் நிற்கும் இடத்தை அடுத்து அன்றைய நகரவாசிகள் எதை இழந்தனர் என்பதை வேறெந்த ஆவணமும் தராத நெருக்கத்தோடு தருகிறது. அங்கே பிள்ளை பதிவாளராக மட்டும் நிற்கவில்லை. அவ்வீதிகளில் குடியிருப்பவராகவும் வேதனைப்படுகிறார்.

ஆயினும் ஒரு பக்கம் நிழலில் நிற்கிறது. அன்றைய புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரமிட்டன. அலைமோதும் கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஆளும் துணிப்பொதியும் வெள்ளிப்பெட்டியும் சென்று வந்தது, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய சலங்குகளில். அவற்றைச் செலுத்தியவர்கள் இக்கரையோரத்துப் படகோட்டிகள். நகரின் வணிகம் முழுவதும் அந்தச் சிறு கடற்பரப்பைக் கடக்கும் அவர்களின் திறனைச் சார்ந்திருந்தது. நாட்குறிப்பில் சலங்கு வருகிறது. அதைச் செலுத்தியவரோ பெரும்பாலும் தொழிற்பெயராலேயே அறியப்படுகிறார். வணிகரும் அதிகாரியும் பெயரோடு நிற்க, அவர்களைக் கரைசேர்த்தவர் பெயரின்றி நிற்கிறார்.

இதைப் பிள்ளையின் குறையாகக் கூறுவது பொருந்தாது. தம் தொழிலுக்குத் தேவையானதை அவர் எழுதினார். குறை அவரை வாசித்த முறையில் இருக்கிறது. டூப்ளேயின் அரசியலை அறியவும் பிரெஞ்சு–ஆங்கிலப் போட்டியை விளக்கவும் நாட்குறிப்பு பலமுறை வாசிக்கப்பட்டுள்ளது. சலங்கு எப்போது கிடைத்தது, எப்போது கிடைக்கவில்லை, கூலியும் காற்றும் அலையும் நகரின் ஒரு நாளை எவ்வாறு தீர்மானித்தன என்னும் வினாக்களோடு அதனை முழுமையாக வாசிக்கும் பணி செய்யத்தக்கது. அவ்வாறு வாசிக்கையில், நகரின் கிழக்கு எல்லையாகக் கருதப்படும் கடற்கரை அதன் வாயிலாகவும், மீனவ ஊர்கள் அவ்வாயிலைக் காத்தவையாகவும் தோன்றும்.

4. பாரதி: புயலிரவும் தென்னந்தோப்பும்

1908இல் புதுச்சேரிக்கு வந்த பாரதி 1918 நவம்பர் வரை அங்கு வாழ்ந்தார். அவருடைய புதுச்சேரி வாழ்வு தமிழ் இலக்கிய வரலாற்றில் ஒரு புகலிடக் கதையாகவே சொல்லப்படுகிறது. ‘கண்ணன் பாட்டு’, ‘குயில் பாட்டு’, ‘பாஞ்சாலி சபதம்’ ஆகியவற்றைத் தந்த பத்தாண்டு என்னும் பெருமையோடு அக்கதை நிறைவுறும். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி, முத்தியால்பேட்டைத் தோப்பு, கடற்கரை ஆகியன அதன் களங்கள்.

புகலிடம் என்னும் சொல் மறைப்பது, அவர் அங்கு வாடகைக் குடித்தனக்காரராக வாழ்ந்தார் என்பதை. பிரித்தானிய இந்தியாவின் ஒற்றர்கள் கண்காணித்த வீதிகளில், திண்ணை விருந்தோம்பும் இடமாகவும் வேவு பார்க்கப்படும் இடமாகவும் ஒருசேர இருந்தது. வீதிக்குத் திறந்த தமிழ் வீட்டின் அமைப்பு, அரசியல் அகதிக்குத் துணையும் இடரும் ஆயிற்று.

இந்தக் குடித்தன வாழ்வின் அரிய பதிவு, 1916 நவம்பர் புயலையொட்டி எழுந்த ‘புயற்காற்று’ என்னும் கவிதை. கணவனும் மனைவியும் இரவில் வீட்டுக்குள்ளிருந்து பேசிக்கொள்ளும் உரையாடலாக அது அமைகிறது. காற்றோடு கடலின் குமுறலும் வீட்டுக்குள் கேட்கிறது. மழை கதவையும் சாளரத்தையும் துளைக்கிறது. முந்தைய நாள் வரை தாம் இருந்த வேறொரு வீட்டை நினைத்து, அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என மனைவி அஞ்சுகிறாள். ஒரு நாள் இடைவெளியில் வீடு மாறியதால் உயிர் பிழைத்த குடும்பத்தின் குரல் அது. பழைய நகரின் ஓட்டு வீடுகளும் மண்சுவர்களும் அழகுப் பொருள்கள் அல்ல, இடிந்து விழவும் கூடியவை என்பதைத் தமிழ்க் கவிதை இவ்வளவு நேராகச் சொன்ன இடங்கள் சிலவே. அதே கவிதையில் கணவனின் வேண்டுதல் தம் வீட்டோடு நிற்காமல் ஆதரவற்ற குழந்தைகளை நோக்கிச் செல்கிறது. அக்கணத்தில் கவிதை சுவர்களைக் கடக்கிறது.

அதன் துணைக்கவிதையாகிய ‘பிழைத்த தென்னந்தோப்பு’ இக்கடத்தலை நிறைவு செய்கிறது. புயலுக்குப் பின் வெளியே வந்து பார்க்கும் கண்ணுக்கு, வயல்களிடையே நீர்நிலைக் கரையில் ஒரு சிறு தோப்பு அழியாமல் நிற்பது தெரிகிறது. அது ஓர் ஏழையின் உடைமை என்பதில்தான் கவிதை உருகுகிறது. கோயிலையும் மாளிகையையும் விட்டு, வறியவன் ஒருவனின் சில மரங்கள் நிலைத்ததை ஊரின் பேறாகக் கவிதை கொண்டாடுகிறது. இவ்விரு கவிதைகளையும் சேர்த்து வாசித்தால், பாரதியின் புதுச்சேரி ‘வந்து தங்கிய கவிஞனின் நகரம்’ என்னும் எல்லையை மீறுவது புலனாகும். வருகைக் கதையாடல் அவருடைய வாழ்க்கை வரலாற்றுக்கு உரியது. கவிதையோ இருப்பின் பக்கம் நிற்கிறது. கடலின் குமுறலை வீட்டுக்குள் கேட்டவர் அவர். அதே இரவில் கடலுக்கு இன்னும் அருகில் குடிசைகளில் இருந்தவர்களின் சொல் அச்சேறவில்லை என்பதையும் இவ்விடத்தில் நினைவிற்கொள்ள வேண்டும்.

5. பிரபஞ்சன்: நாட்குறிப்பைத் திருப்பி வாசித்தல்

புதுச்சேரியில் 1945இல் பிறந்த பிரபஞ்சன் (மறைவு 2018), நாட்குறிப்பை மூலமாகக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய நாவல்களை எழுதினார். பின்னதற்கு 1995ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மன்னர்களின் வீரத்தையும் காதலையும் புனைந்த தமிழ் வரலாற்று நாவல் மரபிலிருந்து இவை விலகியவை. ஆவணத்தில் ஓரத்தில் நின்ற தாசியர், அடிமைகள், சிறு பணியாளர் ஆகியோருக்குக் கதையில் மனமும் சொல்லும் தந்தமை இவற்றின் முதன்மைச் சாதனை. நாட்குறிப்பை அதன் சொந்தத் திசைக்கு எதிராக வாசிக்க முடியும் என்பதை ஆய்வுலகுக்கு முன்பே நாவல் நிகழ்த்திக் காட்டியது.

அச்சாதனையை ஏற்றுக்கொண்டே ஒன்றைச் சுட்டலாம். நாவல்களின் வெளி பெரும்பாலும் நகரின் வெளியாகவே இருக்கிறது: ஆளுநர் மாளிகை, பிள்ளையின் வீடு, கோயில், தாசியர் வீடு, வீதி. ஓரத்து மனிதர்கள் நடுவிற்கு வந்தார்கள். ஓரத்து இடம் பெரும்பாலும் ஓரத்திலேயே இருந்தது. மூலநூல் எந்த வாசலில் நின்று எழுதப்பட்டதோ, அதே வாசலிலிருந்து புனைவும் கடலைப் பார்க்கிறது. ஒரு மூலத்தைச் சார்ந்து எழும் வரலாற்றுப் புனைவுக்கு இயல்பான வரம்பு இது. மனிதரை மீட்பதில் வெற்றி பெறும் மறுவாசிப்பு, இடத்தை மீட்பதற்கு வேறு மூலங்களை நாட வேண்டியுள்ளது.

6. அகழாய்வு எழுத்து: ‘எளிய மீனவர்’ என்னும் படிமம்

அவ்வேறு மூலங்களுள் முதலாவது அரிக்கமேட்டைப் பற்றிய எழுத்து. அறிவியல் அறிக்கையும் ஒரு பனுவலே. அதற்கும் கதையாடல் உண்டு.

வீராம்பட்டினத்து மக்கள் ஆற்றங்கரை மேட்டிலிருந்து பழைய செங்கற்களை எடுத்துச் சென்றது 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குறிப்புகளிலேயே பதிவாகியுள்ளது. 1937இல் ழுவோ துப்ருய் அங்குக் கிடைத்த மணிகளையும் செதுக்குக் கல்லையும் உள்ளூர்ச் சிறுவர்களிடமிருந்து பெற்று அவற்றின் சிறப்பை உணர்ந்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, இத்தாலிய அரெட்டைன் மட்கலங்களின் துணையால் காலத்தை உறுதிப்படுத்தினார். 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் ஆய்வைத் தொடர்ந்தனர். தமிழ்–பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் இங்குக் கிடைத்தன. பெரிப்ளூஸ் கூறும் பொதுகே இதுவே என்னும் கருத்தும் வலுப்பெற்றது.

இவ்வெழுத்துகளின் தலைப்புகளே ஒப்பிடத்தக்கவை. 1946இல் வெளிவந்த வீலரின் அறிக்கை அரிக்கமேட்டை இந்திய–உரோமானிய வணிக நிலையம் என்று தலைப்பிலேயே வரையறுத்தது. 1949இல் பாரிசில் வெளிவந்த கசாலின் பிரெஞ்சு நூலோ ‘வீராம்பட்டினம்–அரிக்கமேடு அகழாய்வுகள்’ எனப் பொருள்படும் தலைப்பைத் தாங்கியது. ஒன்றில் இடம் வந்தவரின் பெயரால் அடையாளம் பெறுகிறது. மற்றொன்றில் வாழும் ஊரின் பெயரால் அடையாளம் பெறுகிறது. பிற்கால வழக்கில் ஊரின் பெயர் உதிர்ந்து அரிக்கமேடு மட்டும் நிலைத்தது.

பெயரோடு படிமமும் சேர்ந்தது. உரோமப் பேரரசின் எல்லைகளுக்கு அப்பாற்பட்ட வணிகத்தைப் பற்றி 1954இல் வெளியிட்ட நூலில், யவனர் வருமுன் இங்கு வாழ்ந்தவர்களை அலையோசை எட்டும் தொலைவில் மீன்பிடித்து, பெரும் நாட்டமின்றி மெல்ல வாழ்ந்த எளிய மீனவர்களாக வீலர் சித்திரித்தார். அந்தத் தூக்கத்தைக் கலைத்ததாக வெளிநாட்டு வணிகம் காட்டப்பட்டது. இங்கு வருகைக் கதையாடல் தன் தெளிவான வடிவத்தை அடைகிறது: வந்தவர் வரும்வரை இருந்தவருக்கு வரலாறு இல்லை.

பெக்லியின் அகழாய்வுகள் இப்படிமத்தைத் தளர்த்தின. உரோமத் தொடர்புக்கு முன்பே இங்குக் குடியிருப்பும் உற்பத்தியும் இருந்தமையும், அத்தொடர்பு தேய்ந்த பின்னும் இவ்விடம் கைவிடப்படாமல் இருந்தமையும் அவருடைய முடிபுகளால் வலுப்பெற்றன. மணி செய்யும் தொழில் வந்தவர்கள் கொண்டுவந்து இறக்கிய ஒன்றன்று. கரையை அறிந்தவர், ஆற்றுமுகத்தை அறிந்தவர், கல்லையும் கண்ணாடியையும் பழக்கியவர் இருந்ததனால்தான் வணிகர் வந்தனர். சங்கப் பாடல்கள் சுட்டும் வீரை என்னும் துறையை வீராம்பட்டினத்தோடு இணைக்கும் கருத்தும் ஆய்வாளரிடையே உண்டு. அது பெயரொப்புமையைச் சார்ந்த ஊகமே. இக்கட்டுரையின் வாதம் அதனைச் சாரவில்லை. மண்ணடுக்குகளின் சான்றே இதற்குப் போதும்.

7. வீராம்பட்டினம் சொல்லும் வருகைக் கதை

வீராம்பட்டினத்துக்கும் ஒரு வருகைக் கதை உண்டு. அவ்வூரின் செங்கழுநீர் அம்மன் கோயிலைப் பற்றிய தலமரபு, வாய்மொழியில் சிற்சில வேறுபாடுகளோடு வழங்குகிறது. அதன் பொதுக்கூறு இது: மீன் கிடைக்காத ஒரு நாளில் மீனவர் ஒருவரின் வலையில் மரக்கட்டை ஒன்று சிக்குகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்த அதனை அடுப்புக்காக மனைவி பிளக்க முற்படுகையில் குருதி கசிகிறது. கட்டை தெய்வமென உணரப்பட்டு வழிபாடு தொடங்குகிறது.

மேற்கண்ட வருகைக் கதையாடல்களோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இங்கும் கடல்வழியே ஒன்று வருகிறது. ஆனால் அதை வரவேற்கும் வலையும் வீடும் அடுப்பும் முன்பே இருக்கின்றன. வந்தது தன் பொருளைப் பெறுவது இருப்பவர்களின் அன்றாட வேலைக்குள் புகுந்தபின்னரே. கதையைத் தொடங்குபவர் ஒரு குடும்பம். தெய்வத்தை அறிந்துகொள்பவர் விறகு பிளக்கும் பெண். வருகையைக் கரையிலிருந்து சொல்லும் கதை இது. நாட்குறிப்பும் அகழாய்வு அறிக்கையும் நகர வரலாற்று நூல்களும் வருகையைக் கப்பலிலிருந்து அல்லது கப்பலை எதிர்பார்க்கும் அலுவலகத்திலிருந்து சொல்கின்றன.

இக்கோயிலின் ஆடித் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநர் வடம்பிடித்துத் தொடங்கிவைக்கும் வழக்கம் இருந்தது. இன்று துணைநிலை ஆளுநர் அவ்விடத்தில் நிற்கிறார். ஆட்சியாளர் மாறியபோதும் வழக்கம் மாறவில்லை. ஆண்டு முழுவதும் ஊர் நகரத்தை நோக்கிச் செல்ல, அந்த ஒரு நாள் நகரம் ஊரை நோக்கி வந்து தேரின் வடத்தைத் தொடுகிறது. இதனைக் காலனிய அரசின் சமரச உத்தி என்றும், ஊரின் தகுதிக்கு அரசு செலுத்திய மதிப்பு என்றும் இருவகையாகவும் விளக்கலாம். எவ்வாறாயினும், எழுத்தில் ஓரமாக நின்ற ஊர் சடங்கில் நடுவாக நிற்பது நோக்கத்தக்கது.

8. மரபுரிமை, சந்தை, மணல்

எழுத்தில் அமைந்த பார்வை நடைமுறையிலும் விளைவு தருகிறது. புதுச்சேரியில் மரபுரிமைப் பாதுகாப்புக்கு இன்டாக் அமைப்பு ஆற்றிய பணி மதிக்கத்தக்கது. குறிப்பாக வைசியாள் வீதியில் தமிழ் வீடுகளின் முகப்புகளும் தாழ்வாரங்களும் புதுப்பிக்கப்பட்டமை, கிழக்குப் பகுதிக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட மதிப்பைத் தமிழர் பகுதிக்கும் விரித்தது. 2014 நவம்பர் மழையில் பழைய மேரி கட்டடம் இடிந்து விழுந்ததும், பின் அதே தோற்றத்தில் மீண்டும் எழுப்பப்பட்டதும் கட்டடங்களின் மீது நகரம் கொண்ட பற்றைக் காட்டின. எனினும் பாதுகாக்கப்பட்ட வீடு விடுதியாகவும் உணவகமாகவும் மாறுகையில், முகப்பு நிலைத்துக் குடித்தனம் வெளியேறுகிறது. திண்ணை இருக்கிறது, அதில் அமரும் உரிமை வாடிக்கையாளருக்குச் செல்கிறது.

இதற்கு மாறாகக் கட்டடம் எளிதாயினும் வாழ்வு அடர்ந்த இடம் பெரிய மார்க்கெட் எனப்படும் குபேர் அங்காடி. கடலோர ஊர்களின் பெண்கள் கூடையோடு வந்து மீன் விற்கும் இடமாக அது நகருக்கும் கரைக்கும் இடையிலான அன்றாட உறவைத் தாங்குகிறது. அண்மை ஆண்டுகளில் மீன் மொத்த விற்பனையை நகருக்கு வெளியே மாற்றவும் அங்காடியை இடித்துப் புதிதாகக் கட்டவும் எழுந்த முயற்சிகளை மீன் விற்கும் பெண்களும் வணிகர்களும் எதிர்த்தனர். தூய்மையும் இடவசதியும் பற்றிய அரசின் கவலைக்கு நியாயம் உண்டு. ஆனால் பழைய நகரின் வரலாறு எதுவென்னும் கேள்வியும் அப்போராட்டத்தில் அடங்கியிருந்தது. மதிலும் தூணும் மரபுரிமை என்றால், தலைமுறைகளாக ஒரே இடத்தில் அமர்ந்து விற்கும் உரிமை என்ன?

மணல் இவ்வுறவின் மற்றொரு சான்று. இக்கரையில் மணலின் நிகர நகர்வு தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றுமுகத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரின் கடற்கரை அரிக்கப்பட்டுக் கருங்கற்குவியலாயிற்று. பாரதி உலவிய மணற்கரையைத் தேடிக் கடற்கரைச் சாலைக்குச் செல்பவர் பல்லாண்டுகள் கண்டது அந்தக் கற்களையே. நகர எல்லைக்கு வெளியே உள்ளதாகக் கருதப்பட்ட ஊரின் முகத்தில் செய்த ஒரு மாற்றம், நகரின் முகத்தையே மாற்றிவிட்டது. வரைபடத்தில் இரண்டாகப் பிரித்தவற்றைக் கடல் ஒன்றாகவே நடத்துகிறது.

வீராம்பட்டினத்தையும் சேர்த்தால் ‘பழைய நகர்ப்பகுதி’ என்னும் கருத்தே நீர்த்துப்போகாதா என வினவலாம். நெருக்கமான வீதி, கலந்த குடியமைப்பு, நடந்தே சென்றடையும் கோயிலும் கடையும் ஆகிய நகரப் பண்புகள் மீனவ ஊருக்குப் பொருந்தா என்பது உண்மை. இக்கட்டுரை ஊரை நகரமாக்கக் கோரவில்லை. நகரின் காலத்தையும் உழைப்பையும் கணக்கிடும்போது அதனைத் தாங்கிய ஊரைக் கணக்கிலிருந்து நீக்கக் கூடாது என்பதே கோரிக்கை.

9. முடிவுரை

புதுச்சேரிப் பழைய நகரைப் பற்றிய எழுத்துகளில் வருகைக் கதையாடல் மேலோங்கி நிற்கிறது. நாட்குறிப்பு கப்பல் வருகையால் நாளை அளக்கிறது. பாரதியின் வாழ்க்கை வரலாறு அவருடைய வருகையால் நகருக்குப் பொருள் தருகிறது. வீலரின் எழுத்து யவனரின் வருகையால் ஊருக்கு வரலாறு தருகிறது. இன்றைய மரபுரிமைச் சொல்லாடல் பிரெஞ்சுக்காரரின் வருகையால் கட்டடங்களுக்கு மதிப்புத் தருகிறது. அதே பனுவல்களுக்குள் மாற்றுக் குரல்களும் உள்ளன. கோயில் இடிப்பைப் பதியும் பிள்ளையின் வேதனை, ஏழையின் தோப்பைக் கண்ட பாரதியின் நிறைவு, ஓரத்து மனிதர்க்குச் சொல் தந்த பிரபஞ்சனின் புனைவு, பெக்லியின் மண்ணடுக்குகள், மரக்கட்டையைப் பற்றிய வீராம்பட்டினத்தின் தலமரபு ஆகியவை இருப்பின் வரலாற்றுக்கு மூலங்கள்.

இவ்வாய்விலிருந்து மூன்று பணிகள் எழுகின்றன. முதலாவது, நாட்குறிப்பின் தமிழ் மூலத்தைச் சலங்கு, படகோட்டி, கரை, காற்று ஆகிய சொற்களின் வழி முறையாகத் தொகுத்தல். இரண்டாவது, வீராம்பட்டினத்தின் தலமரபு, தொழிற்சொல், புயல் மற்றும் 2004 ஆழிப்பேரலை பற்றிய நினைவு ஆகியவற்றை அவ்வூராரின் ஒப்புதலோடும் பங்கேற்போடும் பதிவு செய்தல். மூன்றாவது, மரபுரிமைப் பட்டியலின் அளவுகோலைக் கட்டடத்தோடு நிறுத்தாமல் அங்காடி, படகுத்துறை, தேர்வீதி ஆகிய வாழும் இடங்களுக்கும் விரித்தல். இவற்றுள் இரண்டாவது பணி காலத்தோடு போட்டியிடுவது. நாட்குறிப்பு எழுத்தில் இருப்பதனால் நூறாண்டு கழித்துக் கண்டெடுக்கப்பட்டும் வாசிக்கப்பட்டது. வாய்மொழிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.